அப்பாவின் ஸ்போர்ட்ஸ் கார்: வைப்பதா, விற்பதா?



ஆண்டு மலர் என்றால் வரதட்சணை, வேலையில்லாத் திண்டாட்டம், மனித நேயம் என்று எழுதுவதுதான் நம் வழக்கம். அதையெல்லாம் எழுத நம்மில் நல்ல பேனாக்கள் நிறைய இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்ட தலைப்பு ஒரு கார். "பஸ் பாஸ் வாங்கிட்டு ஃபுட்போர்டுல வர்றவனுக்கு ஸ்போர்ட்ஸ் காரைப் பத்தி என்னடா கட்டுரை?" என்று மலர்க் குழுவில் இருக்கும் நண்பரே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு மாதமாக நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பாருக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்ட விஷயம் இதுதானே? பேசியவர்கள் எல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினோமே தவிர, யாரும் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

விஷயம் இதுதான். நம் துறையில் படிக்கும் நண்பர் ஒருவரின் தந்தை சென்ற ஆண்டு காலமானார். சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தவர். அவர் விட்டுச் சென்றவை: ஒரு வீடு, இரண்டு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், பட்டறையின் பேரில் மூன்று லட்ச ரூபாய் கடன், பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சிவப்பு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்மா இருக்கிறார்கள், அக்கா இருக்கிறார். காரை வாங்கிக்கொள்வதாகப் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஓடாமல் நிற்கும் இன்றைய நிலையில் 2,80,000 ரூபாய்; ஓடும் நிலையில் கொடுத்தால் 3,50,000 ரூபாய் என்று விலை சொல்லியிருக்கிறார்.

வைப்பதா, விற்பதா? நண்பரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை.

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரா?

"ஹெரால்டு எப்படிய்யா ஸ்போர்ட்ஸ் கார் ஆச்சு? அது டாக்டருங்க வெச்சிருந்த குடும்ப வண்டியாச்சே!" என்று ஆட்டோமொபைல் துறை நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். பொறுங்கள்.

1959-ல் இங்கிலாந்தில் ட்ரயம்ஃப் கம்பெனி வெளியிட்ட கார் ஹெரால்டு. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. 948 சி.சி., நாலு சிலிண்டர். அதே மிக்கெலோட்டியை வைத்து, அதே ஹெரால்டின் சேசிஸை நீளம் குறைத்து, 1962-ல் ட்ரயம்ஃப் கம்பெனி ஒரு ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் செய்தது. அதுதான் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஸ்பிட்ஃபயர். ஆக, நம்ம வண்டலூர் ஹெரால்டும் அந்த ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி!

இன்னொன்றும் கேளுங்கள். ஹெரால்டுக்குத் தனி சேசிஸ். பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார வைத்தது. கூரையும் போல்ட்தான். கழற்றினால் ஓப்பன் கார். முன் பக்க பானெட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். என்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம், டயர் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். சோழவரம் ஓடுபாதையில் மோட்டார் பந்தயம் நடந்த காலத்தில் சூடேற்றிய ஹெரால்டுகள் அங்கே ஓடியிருக்கின்றன. நண்பரின் தந்தை அந்தப் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்தவர். கூரையைக் கழற்றிப் பரணில் போட்டார், பின் சீட்டை எடுத்தார், ஸ்பிட்ஃபயரில் இருப்பதுபோல இரட்டை கார்புரேட்டருக்கு மேனிஃபோல்டைத் தன் லேத்திலேயே கடைந்து பொருத்தினார். பிறகு வேலைப் பளு, உடல்நலம்... ஆறு வருடமாக வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

'வை' கட்சியின் வாதம்

இவர்கள் சொல்வது மூன்று. ஒன்று, அது அப்பாவின் நினைவு. இரண்டு, பழைய காரின் விலை ஏறிக்கொண்டேதான் போகும். மூன்று, விற்றுவிட்டால் திரும்பக் கிடைக்காது.

இரண்டாவது வாதத்துக்கு எல்லாரும் இன்டர்நெட்டில் பார்த்த கதைகளை எடுத்து விடுகிறார்கள். அந்தக் கதைகளை முழுசாகப் பார்ப்போமே.

இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் ஒரு எலும்பு சிகிச்சை டாக்டர். 1937-ல் செய்யப்பட்ட புகாட்டி 57எஸ் அட்டலான்ட் காரை 1955-ல் வாங்கினார். அதன் முதல் உரிமையாளர் லீ மான்ஸ் பந்தயத்தில் 1931-ல் ஜெயித்த ஏர்ல் ஹோவ். சில வருடம் ஓட்டிவிட்டு 1960 வாக்கில் ஷெட்டில் நிறுத்தியவர் பிறகு எடுக்கவே இல்லை. 2007-ல் அவர் இறந்தபின் வாரிசுகள் ஷெட்டைத் திறந்தார்கள். 2009 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் அது 34 லட்சம் யூரோவுக்கு மேல் போனது.

"பார்த்தியா! நிறுத்தி வெச்சாலே கோடி!" என்கிறார்கள். நண்பர்களே, 57எஸ் வகையில் உலகத்திலேயே செய்ததே நாற்பது சொச்சம் கார்தான். ஹெரால்டு இங்கிலாந்தில் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. இங்கேயும் ஆயிரக்கணக்கில் ஓடியது. புகாட்டிக்கு நடந்தது ஹெரால்டுக்கு நடக்கும் என்பது, ஒருவருக்கு லாட்டரி அடித்ததைப் பார்த்துவிட்டு வேலையை விடுவது மாதிரி. அதோடு, அந்த வாரிசுகள் என்ன செய்தார்கள்? விற்றார்கள்! 'வை' கட்சிக்காரர்கள் சொல்லும் கதையே 'விற்றுவிடு' கட்சிக்குத்தான் சாட்சி.

இன்னொரு கதை பிரான்சில். லாரிப் போக்குவரத்துத் தொழில் நடத்திய பயோன் என்பவர், அருமையான பழைய கார்களை எல்லாம் வாங்கி ஒரு மியூசியம் வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். 1970-களில் தொழில் நொடித்தது. ஐம்பது கார்போல விற்றார். மிச்சம் சுமார் அறுபது கார்கள் பண்ணையில் தகரக் கொட்டகைக்கு அடியில் நின்றன. தாத்தா போய், மகனும் போய், பேரப்பிள்ளைகள் 2014-ல் ஏலக் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். உள்ளே நடிகர் அலென் டெலோன் வைத்திருந்த ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர் இருந்தது; 2015 பிப்ரவரியில் ஒரு கோடியே அறுபது லட்சம் யூரோவுக்கு மேல் போனது. பேப்பரில் எல்லாம் அந்தப் படம்தான். ஆனால் அதே கொட்டகையில் தரை ஓட்டையாகி, பாடி இற்றுப்போய், மழையிலும் காற்றிலும் செத்த கார்கள் எத்தனை! நல்ல கூரை இருந்த வண்டி பிழைத்தது, தகரத்துக்கு அடியில் நின்றது போனது. நம் நண்பர் வீட்டில் இருப்பது கூரைகூட இல்லை, தார்ப்பாய்!

நின்றால் என்ன ஆகும்?

நாம் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிப்பவர்கள். "சும்மாதானே நிக்குது, ஒண்ணும் ஆகாது" என்று வேறு யார் சொன்னாலும் நாம் சொல்லக் கூடாது. ஓடும் வண்டி தேயும். நிற்கும் வண்டி அழுகும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் உள்ளது. இழுத்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவாகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, ஜெட்டில் கோந்து மாதிரி ஒட்டும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். வால்வு திறந்த நிலையில் நின்ற சிலிண்டருக்குள் ஈரம் போய் ரிங்கும் போரும் துருப்பிடித்துக் கட்டிக்கொள்ளும். பேட்டரி தானாக இறங்கி, தகட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும். ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும். டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். இவற்றுக்கு எல்லாம் பைசா செலவில்லாத மருந்து ஒன்றுதான்: மாதத்துக்கு இரண்டு முறை எடுத்து, என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுவது.

அதற்கு மேல் காலமும் மாறிவிட்டது. ஹெரால்டு செய்த நாளில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம். நம் நாட்டில் 2000-ம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுவதுமாக நின்றது. அழுத்தி ஓட்டினால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு சீட் தேய்ந்து உள்ளே இறங்கும். கெட்டியான சீட் வளையம் போட்டாக வேண்டும். 2025-ல் பெட்ரோலில் எத்தனால் இருபது சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய ரப்பர் ஹோஸ், டயஃப்ரம் எல்லாம் எத்தனாலில் ஊறி உப்பும், வெடிக்கும். ஹோஸ் வெடித்துச் சூடான மேனிஃபோல்டில் பெட்ரோல் சொட்டினால் கார் மட்டுமல்ல, பட்டறையே போய்விடும். ஆகவே எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றாமல் அந்த வண்டியில் சாவி போடவே கூடாது.

"அப்ப வித்துடலாம்னுதானே சொல்ல வர்ற?" அவசரப்படாதீர்கள்.

'விற்றுவிடு' கட்சியின் வாதம்

இவர்கள் வாதம் சுருக்கமானது. "ஆனையைக் கட்டித் தீனி போட முடியுமா?" ரூபாய், இடம், தொந்தரவு. அதில் ஒரு நண்பர் ஒரு படி மேலே போய், "பெங்களூர்க்காரர்கூட வேண்டாம், நாளைக்கே காயலான் கடையில் போடு, கிலோ கணக்கில் காசு" என்றார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது யானைக்குத்தான் பொருந்தும். ஹெரால்டு இறந்தால் வெறும் இரும்பு விலை.

இந்தக் கட்சி மறப்பது ஒன்று உண்டு. விலைச் சீட்டில் வராத மதிப்பும் மதிப்புதான். அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1966-ல் வோல்வோ பி1800 என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் புதிதாக வாங்கி, தினம் பள்ளிக்கூடத்துக்கு அதிலேயே போய்வந்து, லீவு விட்டால் ஊர் ஊராகச் சுற்றி, 2013-ல் முப்பது லட்சம் மைலைத் தாண்டினார். கின்னஸ் புத்தகத்தில் பெயர் வந்தது. 2018-ல் அவர் இறக்கும்வரை அந்தக் கார் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் போய் "இந்தக் காருக்கு இன்று என்ன விலை?" என்று கேட்பதில் அர்த்தம் உண்டா? அவர் வைத்திருந்தார் என்பதைவிட, ஓட்டினார் என்பதுதான் பெரிது. நேரத்துக்கு ஆயில் மாற்றினார், அவ்வளவுதான் ரகசியம்.

புகாட்டி டாக்டரும் வைத்திருந்தார், கோர்டனும் வைத்திருந்தார். இரண்டும் ஒன்றா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆகவே கேள்வியையே மாற்றவேண்டும் என்கிறேன். வைப்பதா விற்பதா என்பது இரண்டாம் கேள்வி. முதல் கேள்வி: ஓட்டப்போகிறாயா, நிறுத்தப்போகிறாயா? சங்கத் தேர்தலில் எப்படியோ, இந்த விஷயத்தில் என் ஓட்டு ஓட்டுபவனுக்குத்தான்!

யாருடைய கார்?

மெஸ்ஸில் கத்திய நாற்பது பேரில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி இது. "அப்பா கார், மகனுக்கு" என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் உயிரோடிருந்தால் அவர், எல்லாருக்கும் சம பங்கு. நண்பர் வீட்டில் பாட்டி இல்லை. ஆக அந்த ஹெரால்டில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மூன்றில் ஒரு பங்கு அக்காவுக்கு. ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவனுக்கு என்று தனிப் பங்கு எந்தச் சட்டத்திலும் இல்லை!

அக்காவை யாராவது கேட்டோமா? நண்பர் சென்ற மாதம்தான் கேட்டார். "எனக்கும் அப்பா தானேடா. லீவு நாள்ல அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தது நான்தான். நீ அப்போ கிரிக்கெட் ஆடப் போயிடுவ" என்றாராம். அதற்குப் பிறகு அவரே சொன்னதுதான் முக்கியம்: "கார் இருந்தா சந்தோஷம். ஆனா பேங்க் நோட்டீஸ் வரும்போதெல்லாம் அம்மா சாப்பிடாம படுக்கறாங்க, அது நமக்கு வேண்டாம்."

சட்டத்தில் இன்னும் சில சமாச்சாரங்கள். வீட்டில் பழைய பைக் வைத்திருக்கும் எல்லாருக்கும் இவை பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவித்தால் மூன்று மாதம்வரை வாரிசு அந்த வண்டியை ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தேவைப்படும். தாமதமானால் அபராதம். இறந்தவர் பெயரிலேயே ஆர்.சி. கிடந்தால் வைத்து ஓட்டவும் முடியாது, ஒழுங்காக விற்கவும் முடியாது. இன்ஷூரன்ஸும் அப்படியே. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கவேண்டும்; இருபது வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனியாக 'வின்டேஜ்' விதி வந்தது. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்தால் நடுவில் 'வி.ஏ.' என்று வரும் நம்பர், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கேட்க நன்றாக இருக்கிறதா? நிபந்தனையையும் கேளுங்கள். அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போட என்று எடுக்கலாம். அதைவிட முக்கியம், சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சாதாரண வண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அப்படித்தான்: ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக உருவத்தை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இங்கேதான் அந்தப் பரணில் கிடக்கும் கூரை வருகிறது. நண்பரின் தந்தை வெல்டிங் கட்டர் எடுத்து அறுக்கவில்லை. போல்ட்டைக் கழற்றினார், கூரையைச் சாக்கில் சுற்றிப் பத்திரமாக வைத்தார். திரும்ப மாட்டினால் பழைய உருவம் வந்துவிடும். செய்ததை மறுபடி பிரிக்க முடியும்படி செய்வதுதான் நல்ல ஃபிட்டரின் அடையாளம். நம் வொர்க்ஷாப் வாத்தியார்கள் வருடம் முழுக்கத் தொண்டை வற்றச் சொல்வதை அந்த மனிதர் சொல்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது கணக்கு

கால்குலேட்டரை எடுங்கள். கடன் 3,00,000. வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு. வருடத்துக்கு 36,000. காரை வைத்துக்கொண்டால் இன்ஷூரன்ஸ், ஆயில், டயர், பேட்டரி, சில்லறை ரிப்பேர் எல்லாம் சராசரியாக வருடம் 25,000 என்று நண்பரும் நானும் எழுதிப் பார்த்தோம். இரண்டும் சேர்ந்து 61,000. மாதம் ஐந்தாயிரம் ரூபாய். நாளை நம்மைக் கேம்பஸில் எடுத்தாலும் டிப்ளமோ ட்ரெய்னிக்கு எவ்வளவு தருவார்கள் என்பது நமக்குத் தெரியும். அதில் மாதா மாதம் ஐந்தாயிரம் என்பது சின்னத் தொகை இல்லை.

"விலை ஏறுமே, ஈடு கட்டிடுமே?" வருடத்துக்கு 61,000 ஏறினால்தான் ஈடு. மூன்றரை லட்ச ரூபாய் வண்டி வருஷா வருஷம் பதினேழு சதவீதத்துக்கு மேல் ஏறவேண்டும். அப்படி ஏறும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் எனக்கும் ஒரு ஹெரால்டு பார்த்து வையுங்கள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கடன் பட்டறையின் பேரில். தவணை தவறிக்கொண்டே போனால் பேங்க் கைவைக்கப்போவது காரில் இல்லை, லேத்தில்! அந்தக் குடும்பத்துக்கு முப்பது வருடம் சோறு போட்டது எது? அக்காவைப் படிக்க வைத்தது எது? நண்பரை இந்தக் காலேஜில் சேர்த்தது எது? லேத்தா, ஹெரால்டா? அப்பாவின் நினைவு என்று காரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அப்பா தினம் எட்டு மணி நேரம் நின்ற லேத்தை இழந்தால் அது என்ன நினைவு?

எனவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நண்பர் காரை விற்கவேண்டும். ஆனால் நாளைக்கே இல்லை, இன்றைய நிலையிலும் இல்லை. ஓட வைத்து, கூரையை மாட்டி, ஆர்.சி.யை முறையாக மாற்றி, பிறகு விற்கவேண்டும். ஓட்டப்போகிறவரிடம் விற்கவேண்டும்.

ஏன் ஓட வைத்து? முதலில் ரூபாய்க் கணக்கு. ஓடாத வண்டிக்கும் ஓடும் வண்டிக்கும் வித்தியாசம் 70,000. பிரேக் கிட், ஹோஸ், கிளட்ச் பிளேட், பேட்டரி, டயர் என்று சாமான் செலவு 40,000 ஆகும் என்று பட்டறையில் தந்தையோடு வேலை பார்த்த பெரியவர் சொல்கிறார். கூலி? அதற்குத்தானே நாம் இருக்கிறோம்! வால்வு சீட்டுக்கு வளையம் கடைய லேத் அங்கேயே இருக்கிறது. 30,000 மிஞ்சும். 3,50,000 வந்தால் கடன் அடைந்து, சாமான் செலவும் போகப் பத்தாயிரம் கையில் நிற்கும். பெரிய லாபம் இல்லைதான். ஆனால் லேத் பிழைத்தது, அம்மா நிம்மதியாகச் சாப்பிடுவார்.

ரூபாயைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் காரில் அப்பா இல்லை. அவர் கடைந்த மேனிஃபோல்டில் இருக்கிறார், இத்தனை மிமீ விட்டம், இத்தனை மிமீ கேப் என்று அவர் கையால் எழுதி வைத்த நோட்டில் இருக்கிறார். அந்த நோட்டைப் பிரித்து, அவர் மாட்டிய போல்ட்டைக் கழற்றி, ஏன் இப்படிச் செய்தார் என்று யோசித்து யோசித்து ஒரு வண்டிக்கு உயிர் கொடுப்பவனுக்கு அப்பாவின் கை கிடைத்துவிடும். அதை எந்தப் பெங்களூர்க்காரரும் விலைக்கு வாங்கிக்கொண்டு போக முடியாது. வேலை தெரியாமல் காரை மட்டும் வைத்துக்கொள்பவனுக்கு மிஞ்சுவது இரும்பு.

எதிர்வாதத்தில் ஒன்றை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. விற்றால் திரும்பக் கிடைக்காது என்பது உண்மை. ஒரு நாள் கையில் காசு வரும்போது, அந்தச் சிவப்பு வண்டி எங்கோ ஓடுவதைப் பார்த்தால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் எங்கோ ஓடுகிறது என்ற வலி ஒரு பக்கம், என் கண் முன்னாலேயே என் வீட்டில் இற்றுப்போனது என்ற வலி இன்னொரு பக்கம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் முதலாவதைத் தேர்ந்தெடுப்பேன்.

நமக்கும் இதில் பாடம்

கடன் இல்லாத வீடாக இருந்தால் என் பதில் வேறு. ஓட்ட ஆள் இருந்து, ரிப்பேர் பார்க்கக் கை இருந்து, வைக்கக் கூரை இருந்து, மற்ற வாரிசுகளுக்கும் சம்மதம் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் துடைத்துக் கும்பிடவேண்டாம், ஓட்டுங்கள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் யோசியுங்கள். கடன் வாங்கித்தான் வைத்திருக்க முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

நம்மில் எத்தனை பேர் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கும்? இந்தக் காலேஜில் இந்த ஒருவர் வீட்டில்தான். ஆனால் அப்பாவின் யமஹா ஆர்.எக்ஸ். 100, தாத்தாவின் புல்லட், சித்தப்பாவின் யெஸ்டி என்று திண்ணையோரம், மாட்டுக் கொட்டகையோரம் சாய்ந்து கிடப்பவை எத்தனை! ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. இன்றும் நல்ல வண்டிக்கு ஆள் தேடி வருகிறார்கள். அதில் ஒன்றை இந்த லீவில் வெளியே எடுங்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். டேங்கைக் கழுவுங்கள், கார்புரேட்டரைப் பிரியுங்கள். தியரி பேப்பரில் அரியர் வைத்தவன்கூட இதில் பாஸ் ஆகலாம். ஓடியபிறகு வைப்பதா விற்பதா என்று வீட்டில் எல்லாரையும், முக்கியமாக அம்மாவையும் அக்கா தங்கைகளையும், உட்கார வைத்துக் கேளுங்கள். ஒரு வருடம் கெடு வையுங்கள். அதற்குள் ஓட வைக்க முடியவில்லை என்றால், ஓட வைக்கக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இன்ஜினியர் என்றால் என்ஜினை ஓட வைப்பவன். நம் கையில் டிப்ளமோ வரப்போகிறது. அது வெறும் காகிதமா, இல்லையா என்பதை வேலைக்கு எடுக்கும் கம்பெனி சொல்வதற்கு முன்னால், நம் வீட்டுத் திண்ணையில் நிற்கும் வண்டியே சொல்லிவிடும்.

சிவப்பு ஹெரால்டுக்கு வேலை செய்ய விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை மதியம் சங்க அறைக்கு வரலாம். சொந்த ஸ்பேனர் செட் இருந்தால் கொண்டுவாருங்கள். டீ, பன் நண்பர் செலவு!

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை